இட்டேரி மேல் போட்ட தார்: ஊர்ச் சாலைகள் ஏன் சீக்கிரம் உடைகின்றன?

எங்கள் ஊருக்கு வரும் சாலை கீழ்பவானி வாய்க்காலைத் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் இறங்கும். அந்தப் பள்ளத்தில் ஏறக்குறைய நூறு அடி நீளத்துக்கு எத்தனை தடவை தார் போட்டாலும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்கியதில்லை. அதற்கு முன்னும் பின்னும், அதே ஒப்பந்ததாரர் அதே வாரத்தில் போட்ட சாலை நன்றாகவே இருக்கிறது. ஊரில் கேட்டால் ஒரே பதில்தான்: "தாரைக் கம்மியாப் போட்டுட்டாங்க." தார்தான் குறை என்றால் முழு நீளமும் பெயர்ந்திருக்க வேண்டும். அந்த நூறு அடி மட்டும் ஏன் போகிறது?

ஒரு மார்கழிக் காலையில் அந்த இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். மழை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. பெயர்ந்த தாரின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பழைய தோசை மாதிரி கையோடு வருகிறது. ஒரு அங்குலம்கூட இல்லாத கனம். அதற்குக் கீழே இருந்த ஜல்லியைக் கிளறினால் கற்களுக்கு இடையில் கருப்பாகக் களிமண் ஏறி நிற்கிறது. எடுத்து உள்ளங்கையில் பிசைந்தால் பிசைந்த விரல் ரேகை அப்படியே பதிகிறது. மேலே காய்ந்த சாலை, ஒரு சாண் கீழே இன்னும் ஈரம். அந்தச் சாலையின் நோய் அங்கேதான் இருக்கிறது. தார் பெயர்ந்தது அதன் அறிகுறி மட்டுமே.

கொங்குப் பகுதியின் ஊர்ச் சாலைகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் இட்டேரிகள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். நூறு வருடம் வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் அறுத்து அறுத்து அந்தத் தடம் பக்கத்துக் காடுகளைவிட ஒரு அடி, இரண்டு அடி தாழ்ந்து போயிருக்கும். "மழை பேஞ்சா இட்டேரி ஓடையாப் போயிரும், நாங்க வேலியோரமாத்தான் நடப்போம்" என்று எங்கள் அப்பாரு சொல்வார். பிறகு அதே தடத்தில் கிராவல் கொட்டினார்கள், அப்புறம் ஜல்லி, அப்புறம் தார். மேலே மாறிக்கொண்டே இருந்தது. தாழ்ந்த மட்டமும் இரண்டு பக்க மண் வரப்பும் மாறவில்லை. தண்ணீருக்கு அது இன்றைக்கும் ஓடைதான்.

அடியில் இருக்கும் மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. கோவை வட்டாரத்து மண்ணை வகைப்படுத்திய ஆய்வாளர்கள் அந்தந்த ஊர்ப் பெயர்களையே மண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். இருகூர் மண், பல்லடம் மண் என்றால் செம்மண் வகை. பீளமேடு மண், பெரியநாயக்கன்பாளையம் மண் என்றால் கரிசல். இந்தக் கரிசலில் விளைந்த பருத்திதான் கோவைக்கு மில்களைக் கொண்டுவந்த காரணங்களில் ஒன்று. பருத்திக்கு அந்த மண் எவ்வளவு நல்லதோ, சாலைக்கு அவ்வளவு கெட்டது. ஈரத்தில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் கரிசல் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வெடிப்பு தார்ச்சாலைக்குக் கீழேயும் ஓடுகிறது. சாலையின் ஓரத்தை ஒட்டி, நீளவாக்கில், கோடு கிழித்ததுபோல வரும் விரிசல் பல இடங்களில் அதன் தடயம்.

மண் எவ்வளவு ஊதும் என்று பார்க்க ஆய்வகத்தில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. நைஸாகச் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடி உருளைகளில் போடுவார்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது, அடியில் படிந்து கிடக்கும். தண்ணீர் உருளையில் அதே மண் மேலே ஏறி நிற்கும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் கணக்கு. 50 சதவீதத்துக்கு மேல் ஊதினால் அந்த மண்ணைச் சாலையின் அடிமண்ணாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது நெடுஞ்சாலை விவரக்குறிப்பு. அருகருகே வைத்த அந்த இரண்டு உருளைகளை ஒரு தடவை பார்த்தவருக்குக் கரிசல் சாலையைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்து வருவது சி.பி.ஆர். சோதனை. கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையில் பிறந்ததால் அந்தப் பெயர். கெட்டித்த மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, 5 செ.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டை மெதுவாக அழுத்தி, அது இறங்க எவ்வளவு பாரம் வேண்டியிருக்கிறது என்று அளப்பார்கள். நல்ல உடைகல் ஜல்லியைத் துளைக்கத் தேவைப்படும் பாரத்தில் இது எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஊரகச் சாலை வடிவமைப்பு நெறிமுறை, ஐ.ஆர்.சி. எஸ்.பி. 72, அடிமண்ணை இந்த எண்ணை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. 2 என்றால் மிக மோசம். 3, 4 மோசம். 5, 6 பரவாயில்லை. 7 முதல் 9 வரை நல்லது. 10 முதல் 15 வரை மிக நல்லது. ஊறிய கரிசல் பெரும்பாலும் கீழ்ப்படியில் நிற்கும். சரளை கலந்த செம்மண் மேல்படிக்கு எளிதாக ஏறிவிடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. காங்கேயம் பக்கத்துச் சரளைச் செம்மண்ணுக்குப் போதுமான ஜல்லிக் கனம் உடுமலைப் பக்கத்துக் கரிசலுக்குப் போதாது. ஒரே சாலையிலேயே முதல் கிலோமீட்டர் செம்மண்ணாகவும் இரண்டாவது கரிசலாகவும் இருக்கலாம். அப்படியிருக்க, முழு நீளத்துக்கும் ஒரே கனம் போட்டு எஸ்டிமேட் தயாரித்தால் அது வடிவமைப்பே ஆகாது. மண் மாறும் இடமெல்லாம் தனியாகக் குழி தோண்டி மண் எடுத்துப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் ஊர்ச் சாலை வேலைகளில் முதலில் சுருக்கப்படுவது இந்த இடம்தான். ஒரு குழி தோண்டிவிட்டு மூன்று கிலோமீட்டருக்கும் அதே முடிவை எழுதுவது மண்ணின் மேல் செய்யும் அநியாயம். கரிசல் வந்தால் வழி இல்லாமலும் இல்லை. அந்த மண்ணை வெட்டி எடுத்துவிட்டு நல்ல கிராவல் நிரப்பலாம், அல்லது சுண்ணாம்பு கலந்து ஊதும் குணத்தை அடக்கலாம். இரண்டுக்கும் செலவு உண்டு. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தார் போடுவதற்கும் செலவு உண்டே.

இனி தண்ணீர். ஜி.எஸ்.பி. என்று பொறியாளர்கள் சொல்லும் அடி ஜல்லி அடுக்குக்கு இரண்டு வேலை. பாரத்தைப் பரப்ப வேண்டும், உள்ளே இறங்கும் தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்ற வேண்டும். இரண்டாவது வேலை நடக்க வேண்டுமானால் அந்த அடுக்கு சாலையின் விளிம்பு வரை, பெர்ம் எனும் மண் ஓரத்துக்கு அடியிலும் நீண்டு, சரிவில் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? 3.75 மீட்டர் அகலத்துக்கு மட்டும் பெட்டி மாதிரி வெட்டி ஜல்லி நிரப்புகிறார்கள். வெட்டிய களிமண்ணையே இரண்டு பக்கமும் பெர்மாக அணைத்துவிடுகிறார்கள். ஜல்லிக்குள் இறங்கிய தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. சாலைக்கு அடியில் நாமே ஒரு தொட்டி கட்டிவிட்டோம். எங்கள் ஊர்ப் பள்ளத்தில் நான் கண்ட ஈரம் அந்தத் தொட்டியின் ஈரம்.

பாசனப் பகுதியில் இது இன்னும் மோசம். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் மாதக்கணக்கில் ஓடும். வாய்க்காலிலிருந்து கசியும் தண்ணீர் கிணறுகளுக்கு ஊற்று, விவசாயிக்கு உயிர். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சாலைதான் அதற்குத் தக்கபடி அமைய வேண்டும். அடிமண்ணின் அடிப்பகுதி அங்கே ஏறும் நீர்மட்டத்தைவிட குறைந்தது 60 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. நெல் வயலுக்கும் மஞ்சள் காட்டுக்கும் நடுவில் தாழ்ந்து போகும் பழைய இட்டேரியில் இந்த விதி நிறைவேற வேண்டுமானால் மண் கொட்டிச் சாலையை உயர்த்த வேண்டும், பக்கத்தில் வடிகால் எடுக்க வேண்டும், தண்ணீர் குறுக்கே கடக்கும் இடத்தில் சிறுபாலம் கட்ட வேண்டும். எஸ்டிமேட்டில் இவை மூன்றும் இல்லாமல் தார் மட்டும் இருந்தால் அதைப் புனரமைப்பு என்று அழைக்கக் கூடாது. அது பூச்சு வேலை.

மேலிருந்து விழும் தண்ணீருக்கு வாட்டம் வேண்டும். வீட்டு மொட்டைமாடிக்கு வாட்டம் பார்க்காத கொத்தனாரை யாரும் விடுவதில்லை. சாலைக்கு மட்டும் விட்டுவிடுகிறோம். நம் பகுதியைப் போல மழை குறைந்த இடங்களில் மெல்லிய தார்ப்பரப்புள்ள ஊர்ச் சாலைக்கு 3 சதவீத வாட்டம் சொல்லப்பட்டிருக்கிறது. 3.75 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஐந்தரை செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு பேர் ஓரத்துக்கு ஓரம் ஒரே உயரத்தில் நூல் பிடித்து, நடுவில் ஒரு ஸ்கேலை வைத்தால் தெரிந்துவிடும். அத்தோடு பெர்ம் தாரைவிட உயர்ந்து நிற்கக் கூடாது. புல் முளைத்து, மண் சேர்ந்து, பெர்ம் வரப்பு மாதிரி ஆகிவிட்ட சாலைகளில் மழைத் தண்ணீர் தார் ஓரத்திலேயே தேங்கி உள்ளே இறங்குகிறது. மண்வெட்டியால் அங்கங்கே வாய் வெட்டிவிட்டாலே சாலையின் ஆயுள் கூடும்.

வண்டிப் பாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பில் ஒரு அச்சுக்கு 8,160 கிலோ என்பது அடிப்படை அலகு. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாயில் நடத்திய பெரிய சாலைச் சோதனையில் கண்டது இது: அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறத்தாழ 16 மடங்கு ஆகும். 2018இல் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதித்த பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கேட்பதற்குச் சின்ன உயர்வு. 8,160 கிலோ அச்சோடு ஒப்பிட்டால் சாலைக்கு அது இரண்டரை மடங்கிலிருந்து நான்கு மடங்காக ஏறும் சேதம். கோழிப்பண்ணைத் தீவன லாரி, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி, கிரஷரிலிருந்து வரும் டிப்பர், தேங்காய் லோடு எல்லாம் நம் ஊர்ச் சாலைகளில்தான் ஓடுகின்றன. பைக்கும் டிராக்டரும் மட்டும் போகும் என்று கணக்குப் போட்ட சாலைக்குப் பக்கத்தில் ஒரு குவாரி வந்தால், வடிவமைப்பையே திரும்பப் பார்க்க வேண்டும்.

ஊருக்குள் வரும்போது வேறொரு தொல்லை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சாலை வாசற்படிக்கு மேலே ஏறிவிடுகிறது. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதன்படி நடந்தால் வீட்டு மட்டமும் காக்கப்படும், பழைய விரிசலும் புதுத் தாருக்கு ஏறாது.

சரி, நல்ல வடிவமைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது மண்ணில் இறங்கியதா என்று யார், எப்போது பார்ப்பது? சாலையைச் சோதிக்கச் சரியான நேரம் ஒவ்வோர் அடுக்கும் மூடப்படுவதற்கு முந்தைய நாள். தார் போடும் நாளில் ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. அடிமண்ணுக்கு ரோலர் ஓடும் நாளில் அங்கே ஓர் ஆள்கூட நிற்பதில்லை. சாலையின் ஆயுள் முடிவாவது அந்த நாளில்.

மண் எந்த ஈரத்தில் நன்றாக இறுகும் என்பதற்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அளவு ஒன்று உண்டு: புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். காய்ந்த மண் மேல் ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் உள்ளே இடைவெளி அப்படியே இருக்கும். தண்ணீர் அதிகமானால் ரோலருக்கு முன்னால் மண் அலை மாதிரி எழும்பும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்க வேண்டியிருப்பதால், நம் பகுதியில் நடக்கும் தவறு பெரும்பாலும் முதல் வகை.

இறுக்கத்தை அளக்கும் மணல் சோதனையை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். நடுவில் ஓட்டையுள்ள ஒரு தகரத் தட்டைத் தரையில் வைத்து, அந்த ஓட்டையின் அளவுக்கே உளியால் ஒரு சாண் விட்டத்துக்கும் குறைவாக, 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டுவார்கள். ஒரு துளி மண்ணும் சிந்தாமல் அள்ளி எடை போடுவார்கள். பிறகு உருளையும் புனலும் சேர்ந்த ஒரு கருவியைக் குழியின் மேல் கவிழ்த்து, ஒரே அளவாகச் சலித்த காய்ந்த மணலைத் திறந்துவிடுவார்கள். குழி நிரம்பியதும் மணல் நின்றுவிடும். எவ்வளவு மணல் போயிற்று என்பதிலிருந்து குழியின் கன அளவு கிடைக்கும். ஈரத்தைப் பார்க்க மண்ணில் கொஞ்சம் எடுத்து கார்பைடு தூளோடு ஒரு மூடிய குப்பியில் குலுக்குவார்கள். மாங்காய் பழுக்கவைக்க வைக்கிறார்களே, அதே கார்பைடுதான். ஈரத்தோடு சேர்ந்து வாயு உண்டாகி, குப்பியில் உள்ள அளவுமானியின் முள் ஏறும்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். குழி 1,180 கன செ.மீ., எடுத்த மண் 2,360 கிராம் என்றால் அடர்த்தி 2. பத்து சதவீத ஈரத்தைக் கழித்தால் காய்ந்த அடர்த்தி 1.82. ஆய்வகத்தில் அதே மண்ணுக்குக் கிடைத்த உச்சம் 1.90 என்றால் நாம் எட்டியது 96 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. நெடுஞ்சாலை விவரக்குறிப்பு அடிமண்ணுக்குக் கேட்பது 97. ஒன்றேகால் சதவீதம்தானே என்று விடக் கூடாது. மீண்டும் தண்ணீர் தெளித்து, மீண்டும் ரோலர் ஓட்டி, மீண்டும் குழி தோண்ட வேண்டும். அந்த ஒன்றேகால் சதவீதம்தான் பின்னால் லாரி டயர் தடத்தில் பள்ளமாக இறங்கும். மேலே வரும் ஜி.எஸ்.பி.க்கும், ஈரமாகக் கலந்து பரப்பும் ஜல்லிக் கலவையான வெட் மிக்ஸுக்கும் 98 சதவீதம் வேண்டும்.

தார் நாளுக்கு வருவோம். வெட் மிக்ஸ் மேல் தூசியை ஊதிப் பெருக்கி, தண்ணீரில் கலந்த தாரான எமல்ஷனைத் தெளித்து, அது காய்ந்த பிறகே கலவை வர வேண்டும். தூசி மேல் ஒட்டிய தார் பின்னாளில் பாய் மாதிரி உரியும். வழக்கமாகப் பயன்படும் வி.ஜி. 30 ரகத் தார்க் கலவை, அதைப் பரப்பும் பேவர் இயந்திரத்திலிருந்து விரியும்போது குறைந்தது 140 டிகிரி சூடு இருக்க வேண்டும், 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். டிப்பர் ஒரு மணி நேரம் டீக்கடையில் நின்றால் அந்த லோடு கெட்டது என்றே அர்த்தம். தெர்மாமீட்டர் வைத்துக் குத்திப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

தாரின் அளவையும் ஊரார் கணக்குப் போடலாம். ஊர்ச் சாலைகளில் பரவலாகப் போடும் 20 மி.மீ. கனத் தார்ப்பரப்பான கார்ப்பெட்டுக்கு 10 சதுர மீட்டருக்கு 14.6 கிலோ தார் என்பது விவரக்குறிப்பு. 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் 3,750 சதுர மீட்டர், ஏறக்குறைய ஐந்தரை டன். தண்ணீர் இறங்காமல் அடைக்க மேலே போடும் சீல் கோட்டுக்குத் தனி. வாங்கிய தாரின் ரசீதில் உள்ள எடையை இதோடு ஒப்பிட்டால் சந்தேகத்துக்கு விடை கிடைக்கும்.

காகிதத்தில் இந்தச் சோதனைகளுக்கு நல்ல அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் மூன்று படி: வேலையைச் செய்விக்கும் பொறியாளர்களே செய்வது முதல் படி, மாநிலத் தரக் கண்காணிப்பாளர்கள் இரண்டாவது, வெளியிலிருந்து வரும் தேசியக் கண்காணிப்பாளர்கள் மூன்றாவது. வேலை முடிந்த பிறகு ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்ததாரர் பொறுப்பு. எந்த அடுக்கு எவ்வளவு கனம் என்று ஊர் மொழியில் எழுதிய பலகை சாலையோரத்தில் வைக்க வேண்டும். மாநில நிதியில் நடக்கும் ஊராட்சி, ஒன்றியச் சாலைகளுக்கும் இந்தப் பலகையை நாம் கேட்டு வாங்க வேண்டும். கண்காணிப்பாளர் வருடத்தில் ஒரு நாள் வருவார். ரோலர் ஓடும் பத்து நாளும் அங்கே இருப்பவர்கள் ஊரார்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகிதத்தை மட்டும் தருவதில்லை. நடக்கும் வேலையைப் பார்வையிடுவதும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுப்பதும் அதே உரிமையில் அடக்கம். எஸ்டிமேட்டின் நகல், மண் பரிசோதனை முடிவு, இறுக்கச் சோதனைப் பதிவேடு, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், தார் ரசீது. இந்த ஐந்தையும் வேலை தொடங்கும்போதே கேட்டுவிட்டால், பதிவேட்டில் குழி தோண்டியதாக எழுதிய கிலோமீட்டரில் நிஜமாகவே குழி தோண்டினார்களா என்று நேரில் போய்ப் பார்க்கலாம். கேட்பதற்குச் சண்டை தேவையில்லை. தளத்தில் நிற்கும் பொறியாளர்களில் பலர், யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள். "ஊர்க்காரங்க நிக்கறாங்க, இன்னொரு ரவுண்டு ரோலர் ஓட்டுங்க" என்று அவர்கள் சொல்ல நாம் கொடுக்கும் காரணம் அது.

நன்றாகப் போட்ட சாலையையும் கெடுக்கும் கடைசி ஆள் குழாய்ப் பள்ளம். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். வீட்டுக் குடிநீர் இணைப்புகளும் ஊர் ஊராக வந்துவிட்டன. பல பத்தாண்டுகள் காத்திருந்து கிடைத்த தண்ணீர், யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளத்தை மூடும் முறை மோசம். எடுத்த மண்ணை ஒரே தடவையில் தள்ளி, ஜே.சி.பி. வாளியால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு மழையில் அது உட்கார்ந்துவிடும், சாலையின் விளிம்பும் கூடவே சரியும். 15 செ.மீ. அடுக்கு அடுக்காக நிரப்பி, தண்ணீர் விட்டு, கைக் காம்பேக்டரால் இறுக்கினால் போதும். எங்கள் பள்ளத்துக்குப் புதிய எஸ்டிமேட் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். குடிநீர்க் குழாயும் அதே தடத்தில் வரவிருக்கிறது. எது முதலில் என்று அடுத்த கிராம சபையில் கேட்க வேண்டும், கூடவே மண் சோதனைக்குக் குழி அந்த நூறு அடிக்குள் தோண்டினார்களா என்றும்.